கேமரா வாங்கும் முன் ஒரு வாரம் அரிசி சுமந்து பாருங்கள்

தினமும் கையோடு கொண்டுபோக நல்ல சின்ன கேமரா ஒன்று வேண்டும், எது வாங்கலாம் என்று கேட்பவர்களை நான் முதலில் சமையலறைக்குத்தான் அனுப்புகிறேன். தடித்த கவர் ஒன்றில் 300 கிராம் அரிசியை அளந்து போடுங்கள். காற்றை வெளியேற்றி, மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்குங்கள். வேலைக்குப் போகும் பையில் அதை வைத்து ஒரு வாரம் சுமங்கள். அடுத்த வாரம் 500 கிராம். இரண்டாவது வாரம் புதன்கிழமை வருவதற்குள் பொட்டலத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தால், எந்தக் கேமரா உங்களுக்கு ஆகாது என்பது தெரிந்துவிட்டது.

நான் திருச்சியில் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி செய்கிறேன். காலையில் உறையூர், பிறகு தில்லைநகர், மதியத்துக்கு மேல் ஸ்ரீரங்கம். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் பயிற்சிச் சாமான்கள், தோளில் ஒரு கைப்பை. என் சுடிதார்களில் பாக்கெட் கிடையாது. ஆகவே எனக்குக் கேமரா என்றால் கைப்பைக்குள் தண்ணீர் பாட்டிலுக்கும் மருந்துச் சீட்டுகளுக்கும் நடுவே இடம் பிடிக்க வேண்டிய பொருள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சேர்த்த பணத்தில் லென்ஸை மாற்றிப் போடும் பெரிய ரகமான டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்று வாங்கினேன். லென்ஸோடு ஒரு கிலோவுக்கு மேல். முதல் மாதம் தினமும் எடுத்துப் போனேன். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும். பிறகு பீரோவில், பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில். இரண்டு மழைக்காலம் கழித்து எடுத்துப் பார்த்தபோது லென்ஸுக்குள் நூல்நூலாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அந்த நஷ்டம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவர் நான்கு மாதப் பயிற்சிக்குப் பிறகு, ஒரு நாள் எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றார். "டாக்டரம்மா, நான் நிக்கிறத ஒரு படம் புடிங்க. துபாய்ல இருக்கற பையனுக்கு அனுப்பணும்" என்றார். திண்ணையை ஒட்டிய அறை, ஒரே ஒரு ட்யூப்லைட். போனில் எடுத்தேன். கால் நடுங்கிக்கொண்டிருந்ததால் வேட்டி கலங்கிப்போய், முகம் மெழுகு தேய்த்த மாதிரி வழவழவென்று வந்தது. எழுபது வயது முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அந்தப் படம்தான் மகனுக்குப் போனது. அன்றைக்கு என் பையில் உருப்படியான கேமரா ஒன்று இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணம்தான் என்னை இந்தத் தேடலில் இறக்கியது.

அரிசிக்கு வருவோம். 300 கிராம் என்பது நான் குத்துமதிப்பாகச் சொன்ன எண் இல்லை. சோனி ஆர்.எக்ஸ். 100 வரிசையின் 3ஆம் மாடல் 290 கிராம், 7ஆம் மாடல் 302 கிராம். கேனான் ஜி 7 எக்ஸ் மார்க் 3 304 கிராம். ரிக்கோ ஜி.ஆர். 3 257 கிராம், அதன் உடன்பிறப்பான ஜி.ஆர். 3 எக்ஸ் 262 கிராம். பானசோனிக் எல்.எக்ஸ். 100 மார்க் 2 கொஞ்சம் ஏறி 392 கிராம். ஃபுஜிஃபிலிம் எக்ஸ் 100 வரிசையில் 2024இல் வந்த 6ஆம் மாடல் 521 கிராம். அதுதான் இரண்டாவது வாரத்துப் பொட்டலம். எடையைவிட முக்கியம் தடிமன். ரிக்கோ சுமார் 3.5 சென்டிமீட்டர், சோனி 4 சென்டிமீட்டருக்கு ஒட்டி, ஃபுஜி 5.5 சென்டிமீட்டர். இந்த 2 சென்டிமீட்டரில்தான் கைப்பையின் ஜிப் மூடுவதும் மூடாததும் இருக்கிறது.

எடையில் உங்கள் எல்லை தெரிந்தபிறகு வெளிச்சக் கணக்குக்கு வாருங்கள். பலர் இங்கே சென்சார், அதாவது படத்தைப் பதிவு செய்யும் சில்லின் அளவை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். பாதிக் கணக்குதான் அது. சென்சார் ஒரு தட்டு என்றால் லென்ஸின் துளை ஒரு குழாய். தட்டு பெரியதாக இருந்து குழாய் ஒடுக்கமாக இருந்தால் பயன் குறைவு.

நான் போடும் கணக்கு இதுதான். லென்ஸின் துளை அளவைச் சொல்வது எஃப் எண்; எண் சிறியதானால் துளை பெரியது. அதை சென்சாருக்கு உரிய ஒரு பெருக்கெண்ணால் பெருக்குங்கள். ரிக்கோவிலும் ஃபுஜியிலும் உள்ள ஏ.பி.எஸ்.-சி என்ற பெரிய சென்சாருக்கு 1.5. எல்.எக்ஸ். 100க்கு 2.2. சோனியிலும் கேனானிலும் உள்ள ஓர் அங்குல சென்சாருக்கு 2.7. வரும் விடை எவ்வளவு சிறியதோ, அந்தக் கேமரா அவ்வளவு வெளிச்சம் வாங்குகிறது. ஓர் அங்குலம் என்பது பெயர்தான். அந்த சென்சாரின் உண்மையான அளவு 13.2க்கு 8.8 மி.மீ. பழைய வீடியோ கேமராக் குழாய்களின் வெளிவிட்டத்தை வைத்துப் பேசிய வழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ரிக்கோவின் எஃப் 2.8ஐ 1.5ஆல் பெருக்கினால் 4.2. சோனி 3ஆம் மாடல் அகலக் கோணத்தில் எஃப் 1.8, பெருக்கினால் 4.9. இரண்டுக்கும் இடையே அரை ஸ்டாப்புக்கும் குறைவான வித்தியாசம்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. சென்சார் பரப்பில் மூன்று மடங்கு வேறுபாடு இருந்தும், துளை பெரிதாக இருப்பதால் சோனி அதைப் பெரும்பாலும் சரிக்கட்டிவிடுகிறது. பானசோனிக் எஃப் 1.7இல் 3.7, ஃபுஜி எஃப் 2இல் 3. சோனி 7ஆம் மாடலோ 24 முதல் 200 மி.மீ. வரை ஜூம் தருகிறது (மி.மீ. ஏற ஏறக் காட்சி அருகில் வரும்), ஆனால் தொடக்கமே எஃப் 2.8, ஆகவே 7.6. விலை உயர்ந்த போன்களின் பிரதானக் கேமரா இன்று 6, 7 என்ற எண்ணுக்கு வந்துவிட்டது. காவிரிப் பாலத்தில் நின்று மலைக்கோட்டையை அருகில் இழுத்து எடுக்க 7ஆம் மாடல் அருமையான கருவி. ட்யூப்லைட் அறைக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஜூம் செய்ய ஆரம்பித்ததும் இந்த எண் ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். சோனி 3ஆம் மாடலே 70 மி.மீ.யில் எஃப் 2.8 ஆகிவிடுகிறது, அதுவும் 7.6தான்.

கைநடுக்கத் தடுப்பு இருக்கிறதே, இருட்டில் அது போதாதா என்று கேட்பார்கள். நம் கை நடுக்கத்தைத்தான் அது தடுக்கும். எதிரே நிற்பவர் அசைந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. நிற்கிற மனிதருக்குக் குறைந்தது 1/125 விநாடி ஷட்டர் வேகம் வேண்டும். ஒற்றை ட்யூப்லைட் அறையில் எஃப் 2.8 வைத்தால், ஒளியுணர்வைக் கூட்டும் எண்ணான ஐ.எஸ்.ஓ. 3200க்குப் பக்கத்தில் போக நேரும். கேமரா மெருகேற்றாமல் அப்படியே தரும் ரா கோப்பில் எடுத்தால் ஏ.பி.எஸ்.-சி சென்சார் அதைத் தாங்கும்; மணல் தூவியது போல் புள்ளிகள் தெரியும், ஆனால் சுருக்கம் சுருக்கமாகவே இருக்கும். அது போதும் எனக்கு.

அடுத்தது கோணம். ஜூம் இல்லாத கேமரா உங்களுக்குச் சரிவருமா என்பதை உங்கள் போனே சொல்லும். நீங்கள் கடைசியாக எடுத்த 200 படங்களைத் திறந்து உட்காருங்கள். சாதாரண 1 எக்ஸில் எடுத்து வெட்டாமல் வைத்தவை ஒரு கணக்கு, கொஞ்சம் வெட்டியவை ஒரு கணக்கு, 2 எக்ஸ் அல்லது அதற்கு மேல் போனவை ஒரு கணக்கு. போனின் 1 எக்ஸ் பெரும்பாலும் 24, 26 மி.மீ. கோணம். முதல் கணக்கு அதிகம் என்றால் 28 மி.மீ. கொண்ட ஜி.ஆர். 3. நடுக் கணக்கு அதிகம் என்றால் 35 மி.மீ. தரும் ஃபுஜி அல்லது 40 மி.மீ. தரும் ஜி.ஆர். 3 எக்ஸ். மூன்றும் சரிசமமாகச் சிதறிக் கிடந்தால் ஜூம் கேமராவே வாங்குங்கள், அதில் தாழ்வு ஒன்றும் இல்லை. எனக்கு 200இல் 121 படங்கள் நடுக் கணக்கில் வந்தன. காந்தி மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இறக்குபவர்களை நான் இரண்டு எட்டு தள்ளி நின்றுதான் எடுக்கிறேன், அவர்கள் வழியில் போய் நிற்பதில்லை. அதனால் 40 மி.மீ. எனக்குக் கையோடு பொருந்திவிட்டது. ஜி.ஆர். 3 எக்ஸ் வாங்கினேன்.

அதில் குறை இல்லையா? இருக்கிறது. கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது. உச்சி வெயிலில் அம்மா மண்டபத்துப் படிக்கட்டில் நின்றால் திரையில் என் முகம்தான் தெரிகிறது. நாளெல்லாம் வெயிலில் எடுப்பவர்கள், வெள்ளெழுத்துக் கண்ணாடி போடுபவர்கள், வியூஃபைண்டர் உள்ளதையே எடுங்கள்: சோனியில் மேலே எழும்பும் சின்னது இருக்கிறது, பானசோனிக்கில் நிரந்தரமாகவே உண்டு, ஃபுஜியில் கண்ணாடி வழியாக நேரே பார்க்கும் வசதியும் சேர்ந்து இருக்கிறது. கேனான் ஜி 7 எக்ஸ் மார்க் 3இல் கிடையாது. நான் சமாளிக்கும் வழி ஸ்னாப் ஃபோகஸ். ரிக்கோவில் தூரத்தை முன்கூட்டியே பூட்டிவைக்கலாம். 2.5 மீட்டர், எஃப் 8 என்று வைத்தால் என் கேமராவில் சுமார் 1.5 மீட்டரிலிருந்து 6 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். 28 மி.மீ. மாடலில் 2 மீட்டர் வைத்தால் ஏறக்குறைய 1 மீட்டருக்கு அப்பால் எல்லாமே தெளிவு. மார்பு உயரத்தில் பிடித்து அழுத்தினால் போதும், ஃபோகஸ் தேடும் நேரம் மிச்சம்.

வீடியோ முக்கியம் என்றால் ரிக்கோவை விட்டுவிடுங்கள். ஜி.ஆர். 3இலும் 3 எக்ஸிலும் 4 கே எனும் கூடுதல் துல்லிய வீடியோ கிடையாது. மைக் செருகும் துளையும் 4 கேயும் உள்ள கேனான் ஜி 7 எக்ஸ் மார்க் 3 அந்த வேலைக்கு ஆகும். பேட்டரி இந்தக் குட்டிக் கேமராக்கள் எல்லாவற்றிலும் சிறியது. ரிக்கோ ஒரு சார்ஜில் சுமார் 200 படம். உபரியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இவற்றில் சிலது புதிதாகக் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை அதிகம். ஆகவே செகண்ட்ஹேண்ட் பக்கம் போவீர்கள். நானும் முதலில் அங்கேதான் போய் ஏமாந்தேன். கடைக்குள் விளக்கு வெளிச்சத்தில் நான்கு படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன். மறுநாள் காலையில் வானத்தை எடுத்தால் ஒரே இடத்தில் மூன்று கருப்புப் பொட்டுகள். வெளியே நீண்டு உள்ளே மடங்கும் லென்ஸ்கள் ஒவ்வொரு முறையும் பம்பு மாதிரி காற்றை இழுக்கின்றன, காற்றோடு தூசியும் போகிறது. லென்ஸைக் கழற்ற முடியாத கேமராவில் சென்சாரைத் துடைக்க உடம்பையே பிரிக்க வேண்டும். அந்தச் செலவில் நல்ல மெமரி கார்டுகள் நான்கு வாங்கியிருக்கலாம்.

அதனால் கடைக்குப் பகலில் போங்கள். கேமராவைத் தெருவுக்குக் கொண்டுவந்து, துளையை அதன் கடைசி எண் வரை, அதாவது எஃப் 11 அல்லது எஃப் 16 வரை ஒடுக்கி, வெறும் வானத்தை எடுங்கள். படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள். பிறகு போன் டார்ச்சை லென்ஸுக்குள் சாய்வாக அடித்துப் பாருங்கள். நூல் மாதிரி தெரிந்தால் பூஞ்சை, விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். ஆன், ஆஃப் பத்து முறை செய்து லென்ஸ் வெளியே வரும் சத்தத்தைக் கேளுங்கள்; கரகரவென்றால் மணல் போயிருக்கிறது. பேட்டரியை வெளியே எடுத்து மேஜையில் வையுங்கள்; உப்பியிருந்தால் ஆடும். பெட்டியில் உள்ள எண்ணும் கேமரா அடியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் ஜி.எஸ்.டி. பில்லும் இந்திய வாரண்டியும் கிடைக்குமா, சர்வீஸ் எந்த ஊரில் என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

வாங்கியபின் தூசியைத் தடுப்பது உங்கள் கையில். கைப்பைக்குள் கேமராவை வெறுமனே போட வேண்டாம். நான் பழைய காட்டன் புடவைத் துணியில் இறுக்கமான சுருக்குப்பை தைத்து வைத்திருக்கிறேன், அதை வாரம் ஒருமுறை துவைக்கிறேன். மழை வந்தால் அது ஜிப் கவருக்குள் போகும். ஃபுஜியின் சமீபத்திய இரண்டு மாடல்கள் தனி வளையமும் ஃபில்டரும் போட்டால் தூறலைத் தாங்கும். நான் மேலே சொன்ன மற்றவை தாங்காது. ஐப்பசி, கார்த்திகையில் இரவில் சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், நிறம் மாறினால் ஜெல்லை மாற்றுங்கள். பீரோ வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, முதல் வாரத்திலேயே கேமராவின் மேல் சக்கரத்தில் நம் அமைப்புகளைச் சேமிக்க உள்ள யு 1, யு 2 இடங்களை நிரப்பிவிடுங்கள். என்னுடையதில் யு 1 தெருவுக்கு: எஃப் 8, ஸ்னாப் 2.5 மீட்டர். யு 2 வீட்டுக்குள்: எஃப் 2.8, குறைந்தபட்ச வேகம் 1/125, ஐ.எஸ்.ஓ. 6400 வரை தானாக ஏறலாம், ஒலி அணைப்பு, ரா கோப்பு. ஸ்ரீரங்கத்தில் நோயாளி வீட்டுப் படியேறும்போதே கட்டைவிரலால் யு 2க்குத் திருப்பிவிடுகிறேன். அவர்களாகக் கேட்டால் மட்டும் எடுப்பேன். அந்தப் பெரியவர் இப்போது வாசல்வரை நடக்கிறார், போன வாரம் மறுபடியும் கேட்டார். இந்த முறை நெற்றிச் சுருக்கம் மூன்றும் எண்ணும்படி விழுந்தன. படத்தை ஸ்டூடியோவில் பெரிய பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்கிறேன், துபாய்க்கும் ஒன்று.