சீன கிராமத்து ஸ்கூல்கள்: நல்ல எண்ணத்துல பண்ணின தப்புகள், இனிமே பண்ணக்கூடாத தப்புகள்

சீனாவுல படிப்புன்னா நம்ம ஆளுங்களுக்கு ஷாங்காய் பசங்க பிசா டெஸ்ட்ல (பல நாட்டு 15 வயசுப் பசங்களுக்கு வைக்கிற பரீட்சை) 2009-லயும் 2012-லயும் முதலிடம் வாங்கினதுதான் ஞாபகம் வரும். கான்சு, ஷான்சி, குய்சோ மாகாணங்கள்ல மலைப்பக்கம் இருக்கிற ஆரம்பப் பள்ளிக்கூடங்களோட கதையே வேற. அங்க அரசாங்கம் காசு செலவழிக்காம இல்ல, நிறையவே செலவழிச்சிருக்கு, ஆனா பல தடவை செலவு ஒரு பக்கமும் பிரச்சனை இன்னொரு பக்கமும் இருந்திருக்கு. கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு எதாவது செய்யணும்னு நினைக்கிற எல்லாருமே இதைத் தெரிஞ்சுக்கணும்.

பெரிய தப்பு, பசங்க கம்மியா இருக்காங்கன்னு ஸ்கூலை மூடுறது. 2001-ல இருந்து சின்ன ஸ்கூல்களை எல்லாம் மூடி டவுன் ஸ்கூலோட இணைச்சாங்க, 2000-ல இருந்து 2010-க்குள்ள கிராமத்து ஆரம்பப் பள்ளிங்கள்ல பாதிக்கும் மேல இல்லாமயே போச்சு. ஒரே இடத்துல நல்ல டீச்சர், நல்ல லேப்னு கேக்க நல்லாத்தான் இருந்தது. ஆனா ஆறு ஏழு வயசுக் குழந்தைங்க வீட்ட விட்டு ஹாஸ்டல்ல தங்க வேண்டியதாச்சு, தங்காதவங்க கிடைச்ச வண்டியில தினமும் தூரம் போய் வந்தாங்க. 2011 நவம்பர்ல கான்சுவுல ஜெங்நிங் கவுண்டியில (நம்ம தாலுகா மாதிரி ஒரு பிரிவு) 9 பேர் உக்கார்ற வேன்ல 64 பேரை அடைச்சுட்டுப் போய் லாரியில மோதி 21 பேர் செத்தாங்க, அதுல 19 பேர் குழந்தைங்க. அது கிண்டர்கார்டன் வேன்தான், ஆனா ஸ்கூல் தூரமாப் போனா என்ன ஆகும்னு நாடே பாத்தது அன்னைக்குத்தான். 2012 செப்டம்பர்ல, கண்ணை மூடிட்டு ஸ்கூல்களை மூடாதீங்கன்னு மத்திய அரசே உத்தரவு போட்டது.

மூடாம விட்டா மட்டும் போதாது, தலைக்கணக்கு பாத்து பணம் குடுத்தா சின்ன ஸ்கூல் தானா செத்துடும். 100 பேருக்குக் கம்மியா இருந்தாலும் 100 பேருக்கான செலவுத்தொகை உண்டுன்னு அப்புறம் விதி வந்தது, அது சரியான முடிவு. டீச்சர் விஷயத்துலயும் அப்படித்தான், 2014-ல கிராமத்துக்கும் நகரத்துக்கும் ஒரே மாதிரி 19 பசங்களுக்கு ஒரு டீச்சர்னு ஆக்கினாங்க, முன்னாடி கிராமத்துக்கு 23-க்கு ஒண்ணுதான். ஆனா ஆறு கிளாஸும் சேத்து இருபது பசங்க இருக்கிற ஸ்கூல்ல இந்தக் கணக்கை அப்படியே போட்டா ஒரே டீச்சர்தான் வருவாங்க, அவங்களே கணக்கு, சீனமொழி, பாட்டு, பி.டி. எல்லாத்தையும் எப்படி நடத்துவாங்க சொல்லுங்க.

அடுத்தது, பையன் மக்குன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அவனுக்கு போர்டு தெரியுதான்னு பாக்காம விடுறது. இது எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. கான்சுவுல தியான்ஷுய், ஷான்சியில யூலின், இந்த ரெண்டு பகுதியிலயும் 250 ஸ்கூல் பக்கமா நாலாவது அஞ்சாவது படிக்கிற பசங்களுக்கு கண் டெஸ்ட் பண்ணினாங்க, கண்ணாடி தேவைப்பட்டவங்க மூவாயிரத்துக்கும் மேல, அதுல ஏற்கனவே கண்ணாடி வச்சிருந்தவங்க கிட்டத்தட்ட 15 சதவீதம்தான். மத்தவங்கள்லாம் போர்டுல மங்கலா வெள்ளையாத் தெரியறதப் பாத்துட்டு, பக்கத்துல இருக்கவன் நோட்டை எட்டிப் பாத்து எழுதிட்டு இருந்த பசங்க. இலவசமா கண்ணாடி குடுத்த ஸ்கூல்கள்ல கணக்கு மார்க் ஏறிச்சு, 2014-ல இந்த ஆய்வு வெளிவந்தது. ஆனா கண்ணாடி குடுத்தும் நிறைய பேர் போடல, ஏன்னா சின்ன வயசுல கண்ணாடி போட்டா கண்ணு இன்னும் கெட்டுப்போகும்னு பாட்டிங்க மட்டும் இல்ல, டீச்சர்களே நம்புறாங்க. 1960-கள்ல இருந்து ஸ்கூல்ல கண்ணைச் சுத்தி விரலால அழுத்தி விடுற பயிற்சி வேற இருக்கு, அதுவே போதும்னு ஒரு நினைப்பு. அதனால கண்ணாடி குடுக்கிறவங்க முதல்ல கிளாஸ் டீச்சர்கிட்ட உக்காந்து பேசணும், டீச்சர் போடச் சொன்னா பசங்க போடுவாங்க.

சாப்பாட்டுலயும் இதே கதைதான். ஷான்சியில நாலாவது படிக்கிற பசங்கள்ல பத்துக்கு நாலு பேர்கிட்ட ரத்தசோகை இருந்தது, அந்த உடம்போட மத்தியான கிளாஸ்ல எப்படி கவனிப்பான். கான்சுவுல தினம் ஒரு முட்டை ஒரு பக்கம், இரும்புச்சத்து சேத்த மென்னு திங்கிற விட்டமின் மாத்திரை இன்னொரு பக்கம்னு குடுத்துப் பாத்தாங்க. மாத்திரை சாப்பிட்ட பசங்களுக்கு ரத்தமும் ஏறிச்சு கணக்கு மார்க்கும் ஏறிச்சு, முட்டை சாப்பிட்ட பசங்ககிட்ட ஒரு மாற்றமும் இல்ல. முட்டையில இரும்பு ஒரு மில்லிகிராம் பக்கம்தான், அதுவும் உடம்புல சரியா ஒட்டாது. முட்டை நல்ல சாப்பாடுதான், ஆனா ரத்தசோகைக்கு அது மருந்து இல்ல. 2011-ல தேசிய சத்துணவுத் திட்டம் ஒரு பையனுக்கு தினம் 3 யுவான்னு ஆரம்பிச்சு, இப்ப 5 யுவான், ஆனா சமையலறை இல்லாத இடத்துல அந்தக் காசு பாலும் ரொட்டியுமாப் போயிடுது. அடுப்பும் சமையல்காரரும் முதல்ல வேணும்.

டீச்சர் ட்ரெயினிங் பத்தியும் சொல்லணும். 2010-ல பெரிய தேசியப் பயிற்சித் திட்டம் கொண்டுவந்தாங்க, அதுல கலந்துகிட்ட கிராமத்து நடுநிலைப்பள்ளி கணக்கு டீச்சர்கள வச்சு ஆராய்ஞ்சப்ப பசங்க மார்க்ல மாற்றமே இல்ல, ஏன்னா ஹால்ல உக்கார வச்சு தியரி லெக்சர். ஆரம்பப் பள்ளி டீச்சருக்கும் இதே தப்பைப் பண்ணிடாதீங்க, பயிற்சி குடுக்கிறவர் அவங்க கிளாஸுக்கே வந்து உக்காந்து பாத்துச் சொல்லணும்.

கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்துட்டா படிப்பு வந்துடாது. ஷான்சியில பலன் குடுத்தது என்னன்னா, ஸ்கூல் நேரத்துக்கு வெளிய வாரத்துக்கு ரெண்டு தடவை 40 நிமிஷம், ரெண்டு பசங்களுக்கு ஒரு மெஷின், அந்த வாரம் கிளாஸ்ல நடந்த கணக்கையே விளையாட்டு மாதிரி போடுறது, அவ்ளோதான்.

கடைசியா, வீட்டுப்பாடத்துல பெத்தவங்க கையெழுத்து வேணும்னு பிடிவாதம் பிடிக்காதீங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் தூரத்து ஊர் ஃபேக்டரியில, 2016 அரசாங்கக் கணக்குல இப்படி பெத்தவங்க விட்டுட்டுப் போன கிராமத்துப் பசங்க 90 லட்சம் பேர், அதுல பத்துக்கு ஒன்பது பேர் தாத்தா பாட்டிகிட்டதான் வளர்றாங்க, பல பாட்டிங்களுக்கு எழுத்தே தெரியாது. கையெழுத்து இல்லாம வந்த பையன நிக்க வச்சா தப்பு யாருதுன்னு அவனுக்கே புரியாது. 2021-ல இருந்து ஸ்கூல் முடிஞ்சப்புறம் தினம் ரெண்டு மணி நேரம் பசங்கள வச்சுக்கச் சொல்லியிருக்காங்க, அந்த நேரத்துல இன்னொரு டெஸ்ட் வைக்காம, வீட்டுப்பாடத்தை அங்கயே முடிக்க விட்டு மிச்ச நேரத்துக்கு கையில ஒரு கதைப் புத்தகம் குடுங்க.