கோடில்லாத நீரில்: டிரையத்லான் ஏரி நீச்சலுக்கு ஆயத்தமாகும் முறை

நீச்சல்குளத்தில் 1.5 கிலோமீட்டரைச் சிரமமின்றி நீந்தி முடிப்பவர்கூட, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லான் போட்டி நாளில் ஏரியில் இறங்கிய சில நிமிடங்களுக்குள் மூச்சுக்குத் தவிப்பதுண்டு. நீச்சல்குளத்தின் அடியில் கறுப்புக் கோடு வழிகாட்டுகிறது. 25 அல்லது 50 மீட்டருக்கு ஒருமுறை கைதொடச் சுவர் இருக்கிறது. பக்கத்தில் நீந்துபவர் கயிற்றுக்கு அப்பால்தான் இருக்கிறார். ஏரியில் இவற்றில் ஒன்றும் கிடையாது. ஆகவே ஏரிக்கான பயிற்சியில் வேகத்துக்கு முன்பாக மூச்சையும் திசையையும் பழக்கிக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

குறுந்தூர ஸ்பிரிண்ட் வகைப் போட்டியில் 750 மீட்டர், ஒலிம்பிக் வகையில் 1.5 கிலோமீட்டர், நெடுந்தூர வகையான அயர்ன்மேனில் 3.8 கிலோமீட்டர் நீந்த வேண்டும். போட்டிக்குச் சில வாரங்கள் முன்பே அந்தத் தொலைவை, சுவரைப் பிடித்து ஓய்வெடுக்காமல், இடைவிடாமல் நீந்திப் பார்த்திருப்பது நல்லது.

குளிர்ந்த நீர் உடலைத் தொட்டவுடன், நாம் நினைக்காமலே மூச்சு உள்ளிழுக்கப்பட்டு, பிறகு வேகவேகமாக வாங்கத் தொடங்கும். இது உடலின் இயல்பான எதிர்வினை. ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடும். இதை அறியாதவர்தான் தனக்கு ஏதோ நேர்ந்துவிட்டதாகப் பதறுகிறார். நீரில் தாவிக் குதிக்காமல் படிப்படியாக இறங்கி, முகத்திலும் பிடரியிலும் நீரை அள்ளித் தெளித்து, முகத்தை நீருக்குள் வைத்து மூச்சை முழுவதுமாக வெளியே விடுவதைச் சில முறை செய்த பிறகே கை வீசத் தொடங்க வேண்டும். குளிர்நீரில் பலமுறை இறங்கிப் பழகியவருக்கு இந்த அதிர்ச்சி குறைந்துகொண்டே வரும். நடுவில் பதற்றம் வந்தால் மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்கிக்கொள்ளுங்கள். கையை உயர்த்திக் பாதுகாப்புக்கு நிற்கும் படகை அழைத்து அதைப் பிடித்துக்கொள்வதும் பொதுவாக விதிமீறல் ஆகாது, படகின் உதவியால் முன்னேறாமல் இருந்தால் போதும்.

நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரால் ஆன, உடலை ஒட்டிய நீச்சல் உடையான வெட்சூட் குளிரைத் தடுப்பதோடு உடலை மிதக்கவும் வைக்கிறது. அதனால்தான் அதற்கு விதிகள் உண்டு. தடிமன் 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. உலக டிரையத்லான் அமைப்பின் விதிப்படி, வயதுப் பிரிவினருக்கான (தொழில்முறை அல்லாத போட்டியாளர்களுக்கான) 1.5 கிலோமீட்டர் வரையிலான நீச்சலில், நீரின் வெப்பநிலை 22 டிகிரி செல்சியஸை எட்டினால் அதை அணிய அனுமதியில்லை. எனவே வெட்சூட்டோடும் அது இல்லாமலும் பழகியிருக்க வேண்டும். புதிய வெட்சூட் மார்பை இறுக்கி, மூச்சே போதாதது போன்ற உணர்வைத் தரும். அதை முதன்முதலாகப் போட்டியன்று மாட்டிக்கொள்வது வீண் வம்பு.

அடுத்தது திசை. ஆள் இல்லாத நேரத்தில் நீச்சல்குளத்தில் கண்ணை மூடிக்கொண்டு பத்து கைவீச்சு நீந்திப் பாருங்கள். நேராகத்தான் போனோம் என்று நம்புபவர் பெரும்பாலும் பக்கத்துக் கயிற்றில் இடித்து நிற்பார். எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று தெரிவதே பாதி மருந்து. மீதிப் பாதி, ஆறு முதல் பத்து கைவீச்சுக்கு ஒருமுறை முன்னால் பார்ப்பது. முதலை பார்ப்பதுபோல் கண்கள் மட்டும் நீர்மட்டத்துக்கு மேல் வந்தால் போதும். மூச்சைப் பிறகு பக்கவாட்டில் திரும்பி எடுக்க வேண்டும். தலையை முழுவதும் தூக்கினால் இடுப்பும் கால்களும் அமிழ்ந்து, தேவையற்ற களைப்பு வரும். பாதையைக் காட்ட நீரில் மிதக்கவிட்டிருக்கும் மிதவை சிறு அலையிலும் மறைந்துவிடும் என்பதால், அதற்குப் பின்னால் கரையில் தெரியும் உயரமான மரத்தையோ மலைமுகட்டையோ அடையாளமாகக் கொள்ளலாம். காலை வெயிலை எதிர்கொண்டு நீந்த வேண்டுமானால் நிறம் ஏற்றிய காகிள்ஸ் (நீச்சல் கண்ணாடி) அவசியம்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் லேக் பிளாசிட் ஊரில் 1999 முதல் அயர்ன்மேன் நடக்கிறது. நீச்சல் அங்குள்ள மிரர் ஏரியில், இரண்டு சுற்றுகளாக. அந்த ஏரியில் நீருக்குள் சில அடி ஆழத்தில் ஒரு கம்பிவடம் நேராக ஓடுகிறது. அதைப் பார்த்தபடியே போனால் தலையைத் தூக்கவே வேண்டியதில்லை. இந்த வசதி எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் சிக்கல்: கம்பிவடத்தின் மேல் நெரிசலும் இடியும் உதையும். புதியவருக்கு என் ஆலோசனை, சில மீட்டர் விலகி, அமைதியான நீரில் தாமே திசை பார்த்து நீந்துவது.

நெரிசலுக்கும் பழக வேண்டும். நீச்சல்குளத்தில் மூன்று நான்கு பேர் ஒரே தடத்தில் ஒட்டி நீந்திப் பாருங்கள். முன்னால் போகிறவரின் பாதங்களுக்குப் பின்னே நீந்துவது விதிப்படி சரியானதே, உழைப்பும் குறையும். ஆனால் அவரே வழி தவறலாம், ஆதலால் உங்கள் கண்ணையும் நம்புங்கள்.

ஏரிப் பயிற்சிக்குத் தனியாகப் போகவே கூடாது. இடுப்பில் கட்டி இழுத்துச் செல்லும் பளிச்சென்ற மிதவைப் பை இருந்தால், படகோட்டிகளின் கண்ணில் படுவீர்கள். கிணற்றில் நீச்சல் கற்ற நம்மவர் பலருக்கு ஆழம் அச்சமில்லை. ஆனால் காலைச் சுற்றும் பாசியும் சேறும் வேறு விஷயம். இடி மின்னல் கண்டால் உடனே கரையேற வேண்டும்.

போட்டியன்று காலையில் கரையில் நின்று மிதவைகளை எண்ணி, திரும்பும் இடங்களையும் கரையேறும் இடத்தையும் பார்த்து வையுங்கள். கடைசி நூறு மீட்டரில் கால்களைச் சற்றே அதிகமாக உதைத்தால், படுத்த நிலையிலிருந்து சட்டென எழும்போது வரும் கிறுகிறுப்பு குறையும். விரல்கள் தரையைத் தொடும்வரை நீந்தி, பிறகு எழுந்து, நடந்தபடியே முதுகுப் பக்க ஜிப்பை இறக்கி, வெட்சூட்டை இடுப்புவரை உரித்துக்கொண்டு சைக்கிள் நிற்கும் இடத்துக்குச் செல்லுங்கள்.