தூக்கம் வரலையா? படுக்கறதுக்கு முன்னாடி 5 நிமிஷம் எழுதிப் பாருங்க

நைட்டு லைட்ட ஆஃப் பண்ணி படுத்ததுக்கு அப்புறம்தான் ஈபி பில் கட்டலையே, மெட்ரோ வாட்டர் லாரி புக் பண்ணலையே, பொண்ணோட ஸ்கூல் ஃபீஸுக்கு கடைசி தேதி என்னன்னு ஒவ்வொண்ணா மண்டைக்குள்ள ஓட ஆரம்பிக்கும்ல, அது உங்க தப்பு இல்லங்க. முடிச்ச வேலைய விட பாதியில நின்ன வேலைதான் ஜனங்களுக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சுன்னு ப்ளூமா ஸைகார்னிக்ங்கற சைக்காலஜிஸ்ட் 1927லயே எழுதியிருக்காங்க.

இதுக்கு ஒரு சிம்பிள் வழி இருக்கு. 2018ல வெளிவந்த ஒரு ஆய்வுக்காக அமெரிக்காவுல பேய்லர் யுனிவர்சிட்டில 57 பேர லேப்ல தூங்க வச்சு பாத்தாங்க, படுக்கறதுக்கு முன்னாடி 5 நிமிஷம் பாதி பேர் இனிமே செய்ய வேண்டிய வேலைய எழுதணும், மீதி பேர் ஏற்கனவே முடிச்சத எழுதணும். செய்ய வேண்டியத எழுதினவங்க சராசரியா 9 நிமிஷம் சீக்கிரமா தூங்கிட்டாங்க, அதுலயும் விவரமா எழுத எழுத இன்னும் சீக்கிரம்.

அதனால சும்மா "பேங்க்"னு எழுதாதீங்க, "காலைல 10 மணிக்கு வேளச்சேரி பிராஞ்ச், பாஸ்புக், ஆதார் ஜெராக்ஸ்"னு எழுதுங்க. போன்ல வேணாம், கைல எடுத்தா அப்படியே வாட்ஸ்அப் பக்கம் போயிடுவோம். தலைமாட்டுல ஒரு பழைய நோட்டும் பேனாவும் போதும், நான் தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கத்துலதான் எழுதுறேன்.