கேப்பைக் களியும் சர்க்கரையும்: அரசு மருத்துவ ஆய்வு நிறுவனங்களின் தகவல்களைத் தேடிப் படிப்பது எப்படி

கேப்பைக் களி, அதாவது கேழ்வரகுக் களி, சாப்பிட்டால் சர்க்கரை ஏறவே ஏறாது என்று அடித்துச் சொல்பவர்களுக்கு மதுரைப் பக்கம் பஞ்சமில்லை. திருமங்கலத்தில் இருக்கும் என் பெரியம்மா அதை நம்பி மூன்று வேளையும் வயிறு நிறையக் களி உண்டு, மறு மாத ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து மலைத்துப் போனார். அதன்பின் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. உடல்நலம் பற்றி யார் எதைச் சொன்னாலும், முதலில் அதை ஒரே வரிக் கேள்வியாகத் தாளில் எழுதிக்கொள்கிறோம்; தேடுவது அதற்குப் பிறகுதான். அரசு மருத்துவ ஆய்வு நிறுவனங்கள் இலவசமாக வெளியிடும் தகவல் தளங்கள் ஒவ்வொன்றும் ஒரு வகைக் கேள்விக்கு மட்டுமே விடை சொல்லக்கூடியவை என்பதால், கேள்வி தெளிவாக இல்லாவிட்டால் மணிக்கணக்கில் தேடினாலும் கையில் ஒன்றும் மிஞ்சாது.

உணவு பற்றிய கேள்வி என்றால், செல்ல வேண்டிய இடம் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்குவது. இந்நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணையில் 528 உணவுப் பொருள்களின் சத்துகள் உள்ளன. நூல் ஆங்கிலத்தில் இருந்தாலும், பொருள்களின் தமிழ்ப் பெயர்களும் தரப்பட்டிருப்பதால் கேழ்வரகைக் கண்டுபிடிப்பது கடினமன்று.

அட்டவணையைத் திறந்ததும் கவனிக்க வேண்டியவை இரண்டு. எண்கள் யாவும் உண்ணத்தக்க பகுதியில் 100 கிராமுக்கு உரியவை. கேழ்வரகு, அரிசி போன்றவற்றுக்குச் சமைக்காத நிலையில் அளந்தவை. அடுத்து, ஆற்றல் கிலோ ஜூலில் தரப்பட்டிருப்பதால், நமக்குப் பழக்கமான கலோரிக் கணக்குக்கு மாற்ற அதை 4.184-ஆல் வகுக்க வேண்டும். இது தெரியாமல் கேழ்வரகில் 1342 என்ற எண்ணைப் பார்த்துப் பயந்தவர்களை நான் அறிவேன். வகுத்தால் சுமார் 320 கலோரிதான்.

இப்போது பெரியம்மாவின் கேள்விக்கு வருவோம். 100 கிராம் கேழ்வரகில் மாவுச்சத்து சுமார் 67 கிராம். தீட்டிய பச்சரிசியில் சுமார் 78 கிராம். நார்ச்சத்து கேழ்வரகில் 11 கிராம், அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு. கால்சியமோ ஒன்றில் 364 மில்லி கிராம், மற்றதில் ஏழெட்டு மில்லி கிராம் மட்டுமே. ஆக, கேப்பை சத்தானது என்ற பேச்சு மெய். மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து உள்ள ஒன்று சர்க்கரையை ஏற்றவே ஏற்றாது என்பது பொய். களி உருண்டையைத் தராசில் வைத்துக் கணக்கிடுவதும் தவறாகிவிடும், ஏனெனில் அதில் பெரும்பகுதி தண்ணீர்; உலையில் கொட்டுவதற்கு முன் மாவை எடைபோட்டு, எத்தனை உருண்டை வந்தது என்று எண்ணி வகுப்பதே சரி. எவ்வளவு விரைவாகச் சர்க்கரை ஏறும் என்பதை மட்டும் இந்த அட்டவணையில் தேடக்கூடாது. அது சொல்வது என்ன சத்து, எவ்வளவு என்பதையே.

எவ்வளவு உண்ணலாம் என்ற கேள்விக்கு, இதே நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட, 17 நெறிகள் கொண்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியைப் பார்க்கலாம். நாளுக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்பதும், அன்றாட ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும் என்பதும் அதில் உள்ளன. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் டீ, காபியைத் தவிர்க்கச் சொல்லும் பகுதியை, இரும்புச்சத்துக் குறைந்தவர்கள் இருக்கும் வீடுகளில் உரக்கப் படித்துக் காட்டலாம்.

நோயும் மருந்தும் பற்றிய எளிய விளக்கத்துக்கு, அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1998 முதல் நடத்தும் மெட்லைன்பிளஸ் தளம் நல்லது. ஆனால் அங்கே மருந்துப் பெயர்கள் வேறு. நம் பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென். இளைப்புக்கு இழுக்கும் சால்பியூட்டமால் அங்கே ஆல்பியூட்டரால். சர்க்கரை மாத்திரையான கிளிபென்கிளமைடு அங்கே கிளைபியூரைடு. அட்டைப் பட்டையின் பெரிய எழுத்தில் உள்ள கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் உள்ள மூலப்பெயரைக் கொண்டு தேடுங்கள். தடுப்பூசி அட்டவணையை மட்டும் அங்கிருந்து எடுக்க வேண்டாம். நம் ஊரில் பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி அங்கே வழக்கமாகப் போடப்படுவதில்லை. தானியங்கி மொழிபெயர்ப்பில் படிப்பவர்கள், மருந்தின் அளவையும் 'கூடாது' என்று வரும் இடங்களையும் ஆங்கில மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டே தீர வேண்டும்.

'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று வரும் செய்திகளுக்கு அதே நூலகத்தின் பப்மெட் என்ற ஆய்வுக் கட்டுரைத் தேடுதளம் இருக்கிறது. டெங்குக்குப் பப்பாளி இலைச் சாறு என்பதை அங்கே ஆங்கிலச் சொற்களால் தேடினால், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் கூடியதாகக் கூறும் சிறிய ஆய்வுகள் உண்மையாகவே கிடைக்கும். அவசரப்பட வேண்டாம். இடப்பக்க வடிகட்டியில் 'சிஸ்டமேட்டிக் ரிவ்யூ' என்பதைத் தேர்ந்து, பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட கட்டுரைகளை முதலில் படியுங்கள். கட்டுரை திரும்பப் பெறப்பட்டதாகக் குறிப்பு உள்ளதா என்றும் பாருங்கள். பிறகு, அவர்கள் எதை அளந்தார்கள் என்று கேளுங்கள். நோய் தெளியும் கட்டத்தில் தட்டணுக்கள் தாமாகவே கூடும் என்பதால், எண்ணிக்கை கூடியது என்பதும் உயிர் காக்கப்பட்டது என்பதும் ஒன்றல்ல. காய்ச்சல் விடும் நேரத்தில்தான் டெங்குவில் ஆபத்து தலைகாட்டும்; கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ரத்தக்கசிவு இருந்தால் தேடலை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

கொசுவைப் பற்றி அறியப் புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் உண்டு. மதுரை சின்னச் சொக்கிகுளத்தில் பல்லாண்டு இயங்கிய பூச்சியியல் ஆய்வு மையமும் அதனோடு இணைந்துவிட்டது. டெங்குக் கொசுவின் முட்டை டிரம்மின் உட்சுவரில் ஒட்டிக் காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டுவதோடு நில்லாமல், வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

யாரேனும் உங்களைப் புதிய மருந்துச் சோதனையில் சேரச் சொன்னால், 2007-இல் தொடங்கிய இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 2018 ஏப்ரல் முதல், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும். அந்தப் பக்கத்தில் ஆய்வு நடக்கும் மருத்துவமனைகளின் பட்டியலும், அறநெறிக் குழுவின் ஒப்புதலும் இருக்கும். பதிவாகியிருப்பதால் மருந்து நல்லது என்று பொருளாகாது. சோதனை வெளிச்சத்தில் நடக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள்.

கண்டெடுத்ததை அலைபேசியில் தேடிக்கொண்டிருந்தால் மருத்துவருக்குக் காத்திருக்க நேரம் இருக்காது. எனவே நூலின் பெயர், ஆண்டு, பக்க எண், உங்கள் கேள்வி ஆகியவற்றை அரைத்தாளில் எழுதி, மருந்துச் சீட்டோடு குத்தி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்க்க நாளாகும் என்றால், தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-ஐ அழைத்து அதையே வாசிக்கலாம். பெரியம்மாவின் தாளில் இப்போது இருக்கும் வரி இது: "ஒரு வேளைக்கு 60 கிராம் கேப்பை மாவு, இரண்டு உருண்டை, எனக்கு இது சரியா?"