ரசிகர் புனைவை ஆய்வு செய்யப் போகிறீர்களா?

நீங்களே எழுதி, வாசித்து, பின்னூட்டம் போட்டுப் பழகிய ரசிகர் புனைவு (பிடித்த படம், நாவல், தொடரின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகள்) வட்டத்தையே ஆய்வுக்கு எடுக்கிறீர்களா? சரி, ஆனால் எழுதியவரின் புனைபெயரை மறைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள்; கதையிலிருந்து ஒரு வரியை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடினால் பல நேரம் நேராக அவர் பக்கத்துக்கே கொண்டுபோய் விட்டுவிடும். வீட்டுக்குத் தெரியாமல் எழுதுகிறவர்களை உங்களுக்கே தெரிந்திருக்கும். அதனால் எந்த வரி, எங்கே அச்சாகும் என்று சொல்லித் தனிச்செய்தியில் அனுமதி கேளுங்கள். 2008 முதல் வரும் ‘டிரான்ஸ்ஃபார்மேட்டிவ் வொர்க்ஸ் அண்ட் கல்ச்சர்ஸ்’ ஆய்விதழும் இதைத்தான் வலியுறுத்துகிறது. பதில் வரவில்லையா, அந்த வரியை விட்டுவிடுங்கள். அப்புறம், நீங்களும் அங்கே எழுதுகிறவர் என்பதை ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுங்கள், நெறியாளர் கொஞ்சம் நெளிந்தாலும் பரவாயில்லை.