களைக்குப் பூச்சி விடுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏரியை மூடிய ஆகாயத்தாமரை, தரிசு முழுக்கப் பரவிய பார்த்தீனியம் என்று பேச்சு வந்தாலே, "அதைத் தின்கிற பூச்சியை விட்டால் போதுமே" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். யோசனை தவறில்லை. தென்னிந்தியாவில் ஒருமுறை அருமையாகப் பலித்தும் இருக்கிறது. 1926இல் இலங்கையிலிருந்து வந்த, கள்ளிச் சாற்றை உறிஞ்சி வாழும் கொச்சினீல் என்ற சிறு பூச்சி, ஐந்தாறு ஆண்டுகளில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் சப்பாத்திக்கள்ளியை ஒழித்தது. ஆனால் அதற்கு முந்தைய கதையில்தான் பாடம் இருக்கிறது.

பெரிய தவறு, செடியும் பூச்சியும் எந்த இனம் என்று சரிபார்க்காமல் இறங்குவது. 1795இல் சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் என்று நம்பி, பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு ஒரு பூச்சியைக் கொண்டுவந்தார்கள். வந்தது அதன் பங்காளி இனம். சாயத்துக்கு உதவாவிட்டாலும், ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. இதைப் பார்த்து 1830களில் தென்னிந்தியாவுக்கும் 1860களில் இலங்கைக்கும் அதைக் கொண்டுபோனார்கள். இன்னொரு வகைக் கள்ளியை அது சீண்டவே இல்லை. நமக்கு இரண்டும் சப்பாத்திக்கள்ளிதான், பூச்சிக்கு அப்படியில்லை. அந்த இரண்டாவது கள்ளிக்கு வேறு பூச்சி வர 1926 ஆகிவிட்டது.

நீரில் மிதக்கும் சால்வீனியா விஷயத்தில் குழப்பம் இன்னும் மோசம். அந்தச் செடியை நெடுங்காலம் வேறொரு சால்வீனியா என்றே நினைத்திருந்தார்கள். அதனால் தவறான செடியிலிருந்து பூச்சிகளைப் பிடித்து விட்டார்கள், பலன் இல்லை. 1970களின் கடைசியில்தான் அதன் தாயகம் பிரேசிலின் தென்கிழக்குப் பகுதி என்று தெரிந்தது. அங்கிருந்து எடுத்த, இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள கூன்வண்டை 1980இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விட்டார்கள். ஓராண்டு சொச்சத்தில் ஏரி தெளிந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த வண்டுக்கும் அப்போது சரியான பெயர் இல்லை! அது புது இனம் என்று 1985இல்தான் பதிவானது. அதே வண்டுதான் கேரள நீர்நிலைகளிலும் வேலை செய்தது.

ஓர் ஊரில் நல்லது செய்த பூச்சி எங்கேயும் நல்லதே செய்யும் என்று நம்புவது அடுத்த தவறு. அர்ஜென்டினாவின் கள்ளி அந்துப்பூச்சி ஆஸ்திரேலியாவைச் சப்பாத்திக்கள்ளியிடமிருந்து காப்பாற்றியது. அதையே 1957இல் கரீபியன் தீவான நீவிஸில் விட்டார்கள். 1989இல் அது ஃபுளோரிடாவில் தென்பட்டது, இப்போது அமெரிக்காவின் சொந்தக் கள்ளிகளுக்கே ஆபத்து. ஆஸ்திரேலியாவில் காப்பாற்ற வேண்டிய சொந்தக் கள்ளி எதுவும் இல்லை என்பதுதான் வித்தியாசம். அதனால் வெளிநாட்டுப் பூச்சியைத் தனியாள் யாரும் பையில் போட்டுக் கொண்டுவரக் கூடாது. அனுமதியும் தனிமைப்படுத்திய சோதனையும் வேண்டும்.

சரி, சோதித்துத் தேறிய பூச்சி கையில் இருக்கிறது. அப்புறமும் ஆட்கள் கெடுக்கிறார்கள். 1984இல் பெங்களூருவில் விட்ட மெக்சிகன் வண்டு, வெண்மஞ்சள் முதுகில் கரும்பழுப்புக் கோடுகளோடு பார்த்தீனிய இலையில் உட்கார்ந்திருக்கும். அதன் புழுக்கள் முதலில் குருத்தையும் மொட்டையும்தான் கடிக்கும், செடி பூக்காமல் நிற்பது அதனால்தான். மழைக்காலத்தில் பெருகி, பிறகு மண்ணுக்குள் போய் உறங்கிவிடும். கோடையில் விட்டுவிட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை. வண்டு பெருகிவரும் வயலோரத்தில் பூச்சிமருந்து அடிப்பது அதைவிட மோசம்.

ஆகாயத்தாமரையின் கூன்வண்டுக்கும் பொறுமை வேண்டும். இலையில் சுரண்டிய சிறுசிறு தழும்புகள் தெரிந்தால் வண்டு இருக்கிறது என்று அர்த்தம், ஆனால் உண்மையான சேதத்தைச் செய்வது இலைக்காம்புக்குள் துளைக்கும் புழு. அந்த நேரத்தில் இயந்திரம் வைத்துச் செடி மொத்தத்தையும் வாரினால், புழுவும் கரையில் காயும். வாருவதானால் சில திட்டுகளை விட்டுவைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் மேலே, ஏரிக்குள் சாக்கடை தொடர்ந்து வந்தால் எந்த வண்டும் ஈடுகொடுக்க முடியாது. கழிவின் சத்தில் செடி வளரும் வேகம் வண்டு தின்னும் வேகத்தை முந்திவிடும். வண்டுப் பெட்டிக்குச் செலவழிக்குமுன் அந்தக் குழாயை அடைக்க வழி பார்ப்பதே முதல் வேலை.