குழந்தை இறப்பைக் குறைக்க வேண்டுமா? முதலில் எத்தனையாவது நாள் என்று கேளுங்கள்

ஆயிரம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால், ஒரு வயது முடிவதற்குள் அதில் எத்தனை இறக்கின்றன என்பதுதான் சிசு மரண விகிதம். 2020 கணக்குப்படி இந்தியாவுக்கு 28, தமிழ்நாட்டுக்கு 13. இதை வைத்துக்கொண்டு உங்கள் ஊர் நல்ல ஊரா கெட்ட ஊரா என்று அளக்கப் போகாதீர்கள். மேலூர்ப் பக்கம் வருஷத்துக்கு 40 பிரசவம் நடக்கிற ஊராட்சி என்று வையுங்கள், அங்கே ஒரே ஒரு குழந்தை தவறினாலும் விகிதம் 25, அடுத்த வருஷம் ஒன்றும் நடக்காவிட்டால் பூஜ்யம். இதை வைத்து என்ன முடிவெடுப்பது? அதைவிட, கடந்த நாலைந்து வருஷத்தில் தவறிய ஒவ்வொரு குழந்தைக்கும் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

பிறப்பு இறப்புப் பதிவேடு மட்டும் போதாது. பிறந்து ஓரிரு நாளில் இறந்த குழந்தையைப் பதியாமலே விட்டுவிடுவது உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் நம் ஊர் மருமகளின் குழந்தை வேறு ஊர்க் கணக்கில் போயிருக்கும். நர்சம்மா, அங்கன்வாடி டீச்சர் இரண்டு பேரிடமும் கேளுங்கள். ஆணா பெண்ணா என்பதையும் எழுதுங்கள். 1980களில் நம் மதுரை மாவட்ட உசிலம்பட்டி வட்டாரம் பெண் சிசுக்கொலைக்காகச் செய்தியானது நமக்குத் தெரியும், வேண்டாத குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடலாம் என்ற தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் மதுரைக்கும் வந்தது சும்மா இல்லை.

துக்கம் நடந்த வீட்டில் நாலு பேர் நோட்டும் பேனாவுமாகப் போய் நிற்காதீர்கள். பழக்கமான ஒரு பெண் போதும். எத்தனையாவது நாள், பிறந்த எடை என்ன, முதலில் எதைக் கவனித்தார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று யார் எப்போது சொன்னது, வண்டி எப்போது கிடைத்தது, முதலில் எங்கே போனார்கள், அங்கே எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள். யார் தப்பு என்று மட்டும் கேட்கவே வேண்டாம், கேட்டால் அதோடு பேச்சு நின்றுவிடும்.

முதல் வாரத்திலேயே போனதென்றால் பெரும்பாலும் குறைமாதம், எடைக்குறைவு, பிறந்ததும் மூச்சுவிடத் திணறியது, கிருமித்தொற்று. அப்படியென்றால் வேலை கர்ப்பத்திலிருந்தே தொடங்க வேண்டும்: ரத்தசோகை, பிரஷர், சின்ன வயதுக் கல்யாணம். ஒரு மாதத்துக்குப் பிறகு என்றால் நிமோனியாவும் வயிற்றுப்போக்கும் மேலே வரும், தடுப்பூசி, தண்ணீர், ஓஆர்எஸ் (வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல்) பக்கம் பாருங்கள்.

அப்புறம் பிறந்ததும் சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் வைக்கிற இந்தச் சேனை, வசம்பு உரசி ஊற்றுவது, மூக்கில் எண்ணெய் விடுவது, உரம் எடுக்கிறேன் என்று பச்சைப்பிள்ளையைத் தலைகீழாகத் தூக்குவது எல்லாம் வேண்டாம். அப்பத்தாக்களை எதிரியாக்கினால் காரியம் நடக்காது, அவர்களையே முன்னால் உட்காரவைத்துப் பேசுங்கள். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். எடை குறைந்த பிள்ளையை அம்மாவின் நெஞ்சோடு தோல் மேல் தோலாகச் சேர்த்து வைத்தால் சூடு காக்கும், அப்பாவும் வைக்கலாம்.

பால் குடிக்க மறுப்பது, உடம்பு சில்லிடுவது அல்லது காய்ச்சல், வலிப்பு, துவண்டு கிடப்பது, நெஞ்சு உள்வாங்குவது, நிமிடத்துக்கு 60 மூச்சோ அதற்கு மேலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள்: பிறந்த குழந்தைக்கு இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே 108. பச்சிளம் குழந்தைக்குத் தனிப் பிரிவு மதுரை அரசு பெரியாஸ்பத்திரியில் இருக்கிறது.

விசாரித்ததில் வண்டி கிடைக்காமல்தான் தாமதம் என்று தெரிந்தால் கிராம சபையில் அதை மட்டும் பேசுங்கள்: ராத்திரி யார் வீட்டு ஆட்டோவைக் கூப்பிடலாம், ஆம்புலன்ஸ் எந்தத் தெரு முனை வரை வரும், டீசல் காசு யார் கொடுப்பது.